கார் அலாரம், ரிமோட் ஸ்டார்ட் மாட்டிய பிறகு தொல்லையா? கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

பேஸ் மாடல் கார் வாங்கியவர்களுக்கும், செகண்ட் ஹேண்ட் கார் வாங்கியவர்களுக்கும் ஒரு சின்ன ஆசை இருக்கும். டாப் எண்ட் மாடலில் இருக்கிற வசதியை வெளியே கடையில் மாட்டிக்கொண்டால் என்ன? சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் தொடங்கி, எல்லா ஊரிலும் இருக்கும் ஆக்ஸசரிஸ் கடைகளில் இதற்கு ஆள் இருக்கிறார்கள். அரை நாள் வேலை. சென்டர் லாக், அலாரம், ரிமோட்டிலேயே இன்ஜின் ஸ்டார்ட் என்று எல்லாம் வந்துவிடும்.

பிரச்சினை அடுத்த வாரம் ஆரம்பிக்கும். நடுராத்திரியில் சைரன் தானாக அலறும். இரண்டு நாள் வண்டியை எடுக்காவிட்டால் பேட்டரி டவுன். ரிமோட்டை அழுத்தினால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகி உடனே நின்றுவிடும். கடைக்குப் போனால், "செட் ஆயிடும் சார், கொஞ்ச நாள் பாருங்க" என்பார்கள். ஆனால், வயரிங் கோளாறு எதுவும் தானாக செட் ஆவதில்லை.

நல்ல செய்தி என்னவென்றால், இந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவை பெட்டிக்குள் இருப்பவை அல்ல. பெட்டியையும் காரையும் இணைக்கும் ஜாயின்ட்களில் இருப்பவை. முறையாகத் தேடினால் கண்டுபிடித்துவிடலாம். கெட்ட செய்தி, இவற்றில் ஒன்றிரண்டு வெறும் தொல்லை மட்டுமல்ல. ஆளையே மோதக்கூடிய ஆபத்து அதில் இருக்கிறது.

*பெட்டி என்னதான் செய்கிறது?*

அலாரம் பெட்டி ஒரு காவலாளி மாதிரி. கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றில் இருக்கும் ஸ்விட்ச்களையும், அதிர்வை உணரும் ஷாக் சென்சாரையும் கவனித்துக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒன்று மாறினால் சைரனை அடிக்கும், இண்டிகேட்டரை மினுக்கும்.

ரிமோட் ஸ்டார்ட் வேறு வகை. சாவியைத் திருப்பும் கையின் வேலையை அது எடுத்துக்கொள்கிறது. சாவியைத் திருப்பும்போது முதலில் ஏசி, ஆடியோவுக்கான இணைப்பு, அடுத்து இக்னிஷன், கடைசியாக செல்ஃப் மோட்டார் என்று வரிசையாக கரன்ட் போகும். இதே வரிசையை ரிலேக்கள் மூலம் பெட்டி செய்ய வேண்டும். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் செல்ஃபை உடனே விட்டுவிடவும் வேண்டும். இதில் ஒரு வயர் விட்டுப்போனாலும், இடம் மாறினாலும் கோளாறுதான்.

குளிர் நாடுகளில், குறிப்பாக கனடாவிலும் வட அமெரிக்காவிலும், பனியில் உறைந்த காரை சூடாக்க இந்த வசதி பிரபலமானது. இங்கே தேவை நேர் எதிர். மே மாத வெயிலில் நின்ற காரில் ஏறுவதற்கு முன்பே ஏசி ஓட வேண்டும். இந்தியாவில் 2019இல் வந்த ஹூண்டாய் வென்யூ, கியா செல்டோஸ் போன்ற கார்கள் கம்பெனியிலேயே இந்த வசதியோடு வந்த பிறகு, வெளிக்கடையில் கேட்பவர்களும் கூடிவிட்டார்கள்.

*முதல் பத்து நிமிடம்: எளியவற்றிலிருந்து தொடங்குங்கள்*

டேஷ்போர்டைப் பிரிப்பதற்கு முன் நான்கு விஷயங்களைப் பார்த்துவிடலாம்.

ஒன்று, வேலே மோடு. காரை சர்வீஸுக்கு விடும்போது அலாரத்தை ஓய்வில் வைப்பதற்கான நிலை இது. ரிமோட்டில் இரண்டு பட்டன்களைத் தவறுதலாகச் சேர்த்து அழுத்தினால்கூட சில மாடல்களில் இந்த நிலைக்குப் போய்விடும். கதவு லாக் ஆகும், ஆனால் அலாரமோ ரிமோட் ஸ்டார்ட்டோ வேலை செய்யாது. எல்இடி விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் சந்தேகம் இதன்மேல்தான். வெளியே வரும் வழி பெட்டியோடு வந்த மேனுவலில் இருக்கும்.

இரண்டு, ரிமோட்டின் செல். சில ரிமோட்களில் 3 வோல்ட் நாணய வடிவ செல், சிலவற்றில் 12 வோல்ட் குட்டி உருளை செல். காருக்குப் பக்கத்தில் போனால்தான் வேலை செய்கிறது என்றால், முதலில் செல்லை மாற்றிப் பாருங்கள்.

மூன்று, ஃபியூஸ். பெட்டிக்குப் போகும் மெயின் வயரில், பேட்டரிக்கு அருகிலோ ஸ்டியரிங்குக்கு கீழேயோ தனி ஃபியூஸ் இருக்க வேண்டும். ஃபியூஸே இல்லாமல் நேராக இழுத்திருந்தால், மற்ற கோளாறுகளைப் பார்ப்பதற்கு முன் அதைத்தான் சரிசெய்ய வேண்டும். வயர் எங்காவது உரசி பாடியைத் தொட்டால் தீப்பிடிக்க அது ஒன்றே போதும்.

நான்கு, கார் பேட்டரி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரியே பலவீனம். இன்ஜின் ஓடும்போது சுமார் 13.8 முதல் 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்கிறது. பேட்டரி பலவீனமாக இருக்கும்போது அலாரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. வோல்டேஜ் இறங்கினாலே பல பெட்டிகள் விசித்திரமாக நடந்துகொள்ளும்.

*சைரன் தானாக அடிக்கிறது*

அதிகம் வரும் புகார் இது. பக்கத்தில் லாரி போனாலோ, இடி இடித்தாலோ மட்டும் அடித்தால் ஷாக் சென்சாரின் உணர்திறன் கூடுதலாக வைக்கப்பட்டிருக்கிறது. சென்சாரில் இருக்கும் சின்னத் திருகை கொஞ்சம் குறைக்கலாம். சென்சாரை மெல்லிய பிளாஸ்டிக்கிலோ தளர்வான வயர் கட்டிலோ தொங்கவிட்டிருந்தால், எவ்வளவு குறைத்தாலும் சரிவராது. அதை உறுதியான இடத்தில் இறுக்கிப் பொருத்த வேண்டும்.

எந்தக் காரணமும் இல்லாமல் அடித்தால் சந்தேகம் பானெட் ஸ்விட்ச் மீது விழ வேண்டும். மழைத் தண்ணீரும் வாட்டர் சர்வீஸும் நேராகப் படும் இடம் அது. துருப்பிடித்து இணைப்பு விட்டுவிட்டு வரும். மழைக்காலத்தில் மட்டும் சைரன் அடிக்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான். அடுத்த சந்தேகம் கதவு ஸ்விட்ச். கதவு மூடியிருக்கும்போதும் உள் விளக்கு சிலசமயம் மினுக்கினால் அது உறுதி.

எது தூண்டியது என்பதைப் பல பெட்டிகளே சொல்லிவிடும். சைரன் அடித்த பிறகு அன்லாக் செய்யும்போது எத்தனை முறை கீச்சிடுகிறது, எல்இடி எத்தனை முறை மினுக்கி நிற்கிறது என்று எண்ணுங்கள். மேனுவலில் எந்த எண்ணிக்கைக்கு எந்தக் கதவு, எந்த சென்சார் என்று பட்டியல் இருக்கும். அப்படிப் பட்டியல் இல்லையென்றால், ஒவ்வொரு இரவும் ஒரு சென்சாரின் கப்ளரை மட்டும் கழற்றிவைத்துப் பார்க்கலாம். எந்த இரவு அமைதியாகக் கழிகிறதோ, அன்று கழற்றியதுதான் காரணம்.

*பேட்டரி டவுன் ஆகிக்கொண்டே இருக்கிறது*

இங்கே ஒரு சின்னக் கணக்கு உதவும். கார் நின்றிருக்கும்போதும் கடிகாரம், கம்ப்யூட்டர் நினைவகம் போன்றவை கொஞ்சம் கரன்ட் இழுக்கும். மொத்தம் 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சாதாரணம். சின்ன காரில் இருக்கும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி முழுவதும் காலியாக, அந்தக் கணக்கில் 700 மணி நேரம், அதாவது ஏறக்குறைய 29 நாள் ஆகும்.

அலாரம் வயரிங்கில் கோளாறு இருந்து 500 மில்லி ஆம்பியர், அதாவது அரை ஆம்பியர், இழுத்தால்? 70 மணி நேரம்தான். பாதி காலியாக 35 மணி நேரம் போதும். வெள்ளிக்கிழமை இரவு 9 மணிக்கு நிறுத்திய கார், ஞாயிறு காலை 8 மணிக்கே பாதி பேட்டரியில் நிற்கும். பழைய பேட்டரி என்றால் அந்த நிலையில் செல்ஃப் எடுப்பது சந்தேகம்தான்.

இதை அளக்க, மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் சாக்கெட்டில் வயரைச் செருகி, பேட்டரியின் மைனஸ் முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் இடையே தொடராக இணைக்க வேண்டும். கதவுகளை மூடி லாக் செய்து, சாவியைத் தள்ளி வைத்துவிட்டு அரை மணி நேரம் பொறுத்திருங்கள். காரின் கம்ப்யூட்டர்கள் தூங்கப்போக அவ்வளவு நேரம் ஆகலாம். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது செல்ஃப் அடிக்கக் கூடாது. அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

அளவு அதிகமாக இருந்தால் அலாரத்தின் ஃபியூஸை மட்டும் உருவிப் பாருங்கள். சட்டென்று இறங்கினால் குற்றவாளி அதுதான். இறங்காவிட்டால் கோளாறு வேறெங்கோ. பாவம், அலாரத்தைத் திட்ட வேண்டாம்.

*ரிமோட்டில் செல்ஃபே எடுக்கவில்லை*

சாவி போட்டால் ஸ்டார்ட் ஆகிறது, ரிமோட்டில் மட்டும் சத்தமே இல்லை என்றால், பெரும்பாலும் பெட்டி வேண்டுமென்றேதான் மறுக்கிறது. பானெட் திறந்திருக்கிறது, பிரேக் மிதித்திருக்கிறது, ஹேண்ட் பிரேக் போடவில்லை என்று ஏதோ ஒரு சிக்னல் அதற்குப் போய்க்கொண்டிருக்கும். பானெட் ஸ்விட்ச் துருப்பிடித்திருந்தால் இங்கேயும் அதுவே தடை. பிரேக் விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கிறதா என்று பின்னால் போய்ப் பாருங்கள். மேனுவல் கியர் காரில் கிளட்ச் மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும் வகை என்றால், அந்த ஸ்விட்ச்சின் இணைப்பையும் பார்க்க வேண்டும்.

இந்தத் தடைகளை "பைபாஸ் பண்ணிடலாம் சார், ஈஸி" என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவை ஏன் இருக்கின்றன என்பது கீழே வருகிறது.

*ஸ்டார்ட் ஆகிறது, உடனே நிற்கிறது*

ஓரிரு நொடி ஓடி நின்றால், அல்லது செல்ஃப் சுற்றியும் இன்ஜின் பிடிக்காவிட்டால், டேஷ்போர்டில் சாவி படம் போட்ட விளக்கு மினுக்குகிறதா என்று பாருங்கள். மினுக்கினால் அது இம்மொபிலைசர் வேலை.

இன்றைய கார் சாவிக்குள் ஒரு சிப் இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றியிருக்கும் வளைய ஆன்டெனா அந்த சிப்பைப் படித்து, சரியான சாவிதான் என்று உறுதியானால் மட்டுமே இன்ஜினை ஓடவிடும். ரிமோட்டில் ஸ்டார்ட் செய்யும்போது அங்கே சாவி இல்லை. அதனால் இன்ஜின் நிற்கிறது. கார் சரியாகத்தான் வேலை செய்கிறது.

சோதிக்க எளிய வழி உண்டு. ஒரிஜினல் சாவியைத் துவாரத்தில் செருகி, திருப்பாமல் வைத்துவிட்டு ரிமோட்டை அழுத்துங்கள். இப்போது இன்ஜின் நிற்காமல் ஓடினால், இம்மொபிலைசருக்கான பைபாஸ் இணைப்பில்தான் கோளாறு.

சில கடைகளில் இதற்குக் குறுக்குவழியாக, இரண்டாவது சாவியையோ அதன் சிப்பையோ ஸ்டியரிங்குக்கு அடியில் டேப் சுற்றி வைத்துவிடுவார்கள். கார் ஓடும். ஆனால் சிப் எப்போதும் வளையத்துக்குப் பக்கத்திலேயே இருந்தால், திருடனுக்கு எதிரான முக்கியமான பூட்டு திறந்தே கிடக்கிறது என்று அர்த்தம். அலாரம் மாட்டப்போய், அதைவிட நல்ல பாதுகாப்பை இழந்த கதை. ரிமோட் ஸ்டார்ட் நடக்கும் நொடிகளில் மட்டும் இயங்கும் முறையான பைபாஸ் மாட்யூல்தான் சரியான தீர்வு.

சாவி விளக்கு மினுக்கவில்லை என்றால் இரண்டாவது இக்னிஷன் வயர் விட்டுப்போயிருக்கலாம். சில கார்களில் இக்னிஷனுக்கு இரண்டு வயர்கள் உண்டு. ஒன்றை மட்டும் இணைத்திருந்தால் இன்ஜினுக்குத் தேவையான ஏதோ ஒன்றுக்கு கரன்ட் போகாது. டீசல் காராக இருந்தால், குளோ பிளக் சூடாகும் வரை பெட்டி காத்திருக்கும்படி செட் செய்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

*ஸ்டார்ட் ஆனபிறகும் கரகரவென்று சத்தம்*

இதைத் தள்ளிப்போடக் கூடாது. இன்ஜின் ஓட ஆரம்பித்தது பெட்டிக்குத் தெரியாமல், அது செல்ஃபை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. செல்ஃப் மோட்டாரின் பற்களும் ஃப்ளைவீல் பற்களும் தேய்ந்துவிடும். செலவு, அலாரத்தின் விலையைவிட அதிகமாகலாம்.

இன்ஜின் ஓடுகிறதா என்பதைப் பெட்டி இரண்டு விதமாக அறியும். இன்ஜின் வேகத்தைச் சொல்லும் டேக்கோ சிக்னல் மூலம் ஒன்று. பேட்டரி வோல்டேஜ் உயர்வதைப் பார்த்து இன்னொன்று. டேக்கோ வயர் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து, மேனுவலில் சொன்னபடி இன்ஜினை ஓடவிட்டு மறுபடியும் கற்றுக்கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவரை ரிமோட் ஸ்டார்ட்டைப் பயன்படுத்தாமல் இருப்பது நல்லது.

*சென்டர் லாக் பாதி வேலை செய்கிறது*

டிரைவர் கதவு மட்டும் லாக் ஆகி மற்றவை ஆகாவிட்டால், கதவுக்கும் பாடிக்கும் இடையே இருக்கும் ரப்பர் குழாயைப் பாருங்கள். தினமும் மடங்கி விரியும் இடம் என்பதால் வயர் அங்கேதான் அறுகிறது. வெளிக்கடை செட்களில் வழக்கமாக டிரைவர் கதவு மோட்டாருக்கு ஐந்து வயர், மற்ற கதவுகளுக்கு இரண்டு வயர் இருக்கும். லாக் பட்டனை அழுத்தினால் ஒரு கதவு மட்டும் அன்லாக் ஆகிறது என்றால், அந்த இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கின்றன. மாற்றிப் போட்டால் முடிந்தது.

*எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஜாயின்ட்*

மேலே சொன்ன எல்லாக் கோளாறுகளுக்கும் பொதுவான வேர் ஒன்று உண்டு. வயரைச் சீவி, முறுக்கி, கருப்பு டேப் சுற்றிய ஜாயின்ட். நம் ஊர் வெயிலில் நின்ற காரின் டேஷ்போர்டு சூட்டில் டேப்பின் பசை இளகி வழிந்து, சுற்று பிரிந்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்ட ஜாயின்ட், அல்லது சரியான கருவியால் இறுக்கிய கப்ளர் ஜாயின்ட்தான் நிற்கும். எர்த் வயரும் அப்படியே. பெயின்ட் சுரண்டிய சுத்தமான இரும்பில் போல்ட் போட்டு இறுக்கியிருக்க வேண்டும். ஏதோ ஒரு பிளாஸ்டிக் திருகுக்கு அடியில் செருகியிருந்தால், ஒரே நாளில் ஐந்து விதமான கோளாறு வரும்.

டேஷ்போர்டுக்கு அடியில் கை வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. மஞ்சள் நிற வயரும் கப்ளரும் பொதுவாக ஏர்பேக்குக்கு உரியவை. அவற்றை அளக்கவோ, கழற்றவோ கூடாது. பல்பு வைத்த பழைய டெஸ்டரை கம்ப்யூட்டர் வயர்களில் குத்துவதும் கூடாது. அது இழுக்கும் கரன்ட்டே சேதம் செய்துவிடும்.

*மேனுவல் கியர்: விளையாட்டு அல்ல*

நம் ஊரில் பலர் காரை நிறுத்தும்போது முதல் கியரில் போட்டுவிட்டுப் போவது பழக்கம். சரிவில் நல்ல பழக்கமும்கூட. ஆனால், கியரில் நிற்கும் காரை ரிமோட்டில் ஸ்டார்ட் செய்தால் செல்ஃப் மோட்டாரே காரை முன்னே தள்ளும். இன்ஜின் பிடித்துவிட்டால் கார் ஓடவே ஆரம்பிக்கும். உள்ளே ஆள் இல்லை. முன்னால் சுவர் இருக்கலாம், விளையாடும் குழந்தையும் இருக்கலாம்.

இதனால்தான் மேனுவல் கியர் காருக்கென்று வரும் நல்ல பெட்டிகளில் ஒரு சடங்கு உண்டு. வண்டியை நிறுத்தும்போது நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, இன்ஜின் ஓடும்போதே சாவியை எடுத்துவிட்டு இறங்கிக் கதவை மூட வேண்டும். அதன்பிறகே பெட்டி இன்ஜினை அணைக்கும். இன்ஜின் ஓடும்போது கிளட்ச்சில் கால் இல்லாமல் ஆள் இறங்கிவிட்டார் என்றால், கார் நியூட்ரலில்தான் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. அதற்குப் பிறகு யாராவது ஒரு கதவைத் திறந்தாலும் அந்த அனுமதி ரத்து. கதவு ஸ்விட்ச் பழுதாக இருந்தால் இந்தப் பாதுகாப்பும் போச்சு. சில மலிவு கிட்களில் இந்த ஏற்பாடே கிடையாது. அவற்றை மேனுவல் காரில் மாட்டாமல் இருப்பதே புத்திசாலித்தனம்.

மாட்டிய அன்றே கடையில் வைத்து நான்கு சோதனைகள் செய்யச் சொல்லலாம். கியர் நியூட்ரலில் இருக்க, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு:

• பானெட்டைத் திறந்து வைத்தால் ரிமோட்டில் ஸ்டார்ட் ஆகக் கூடாது.
• ஹேண்ட் பிரேக்கை இறக்கினால் ஸ்டார்ட் ஆகக் கூடாது.
• ரிமோட்டில் ஓடும்போது, சாவி போடாமல் பிரேக்கை மிதித்தால் இன்ஜின் நிற்க வேண்டும்.
• மேலே சொன்ன சடங்கை முடித்த பிறகு ஒரு கதவைத் திறந்து மூடினால் ஸ்டார்ட் ஆகக் கூடாது.

ஒன்றில் தோற்றாலும் வண்டியை எடுக்க வேண்டாம்.

*சட்டமும் இன்சூரன்ஸும் என்ன சொல்கின்றன?*

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 126ஆவது பிரிவு, பொது இடத்தில் நிற்கும் வாகனத்தைப் பற்றிப் பேசுகிறது. ஓட்டுநர் இருக்கையில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டு, வண்டி தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆகவே, தெருவோரம் நிற்கும் காரை ஆபீஸ் ஜன்னலிலிருந்து ஸ்டார்ட் செய்வது சிக்கலில் மாட்டிவிடலாம். மூடிய ஷெட்டில் செய்வது இன்னும் ஆபத்து. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. வீட்டோடு ஒட்டிய ஷெட் என்றால் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும்.

இன்சூரன்ஸில், புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. அங்கீகாரம் பெற்ற திருட்டுத் தடுப்புக் கருவியை, ஆட்டோமொபைல் சங்கத்தின் சான்றோடு மாட்டியிருந்தால், சொந்த சேதப் பிரீமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் தள்ளுபடி என்று மோட்டார் டாரிஃப் விதிகளில் இருக்கிறது. கடையில் வாங்கும் எல்லா அலாரத்துக்கும் இது கிடையாது. பாலிசியில் குறிப்பிட்டுத் தனிப் பிரீமியம் கட்டினால்தான் வெளியே மாட்டிய எலக்ட்ரிக்கல் கருவிகளுக்குக் காப்பீடு கிடைக்கும். வாரன்டி இருக்கும் கார் என்றால், ஒரிஜினல் வயரை வெட்டியதால் வரும் பழுதுக்குக் கம்பெனி கைவிரித்துவிடலாம் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

*கடையில் கேட்க வேண்டியவை*

பெட்டியின் விலையைவிட மாட்டுகிற கைதான் முக்கியம். "ஒரிஜினல் வயரை வெட்டுவீங்களா, கப்ளர் டு கப்ளரா?", "ஜாயின்ட்டுக்கு ஈயம் வைப்பீங்களா, டேப் மட்டுமா?", "இம்மொபிலைசருக்கு என்ன பண்ணுவீங்க?", "மேனுவல் கியருக்கு நியூட்ரல் பாதுகாப்பு இருக்கா?", "ரிமோட்டில் ஒவ்வொரு தடவையும் கோட் மாறுமா?" இந்த ஐந்து கேள்விக்கும் நேரான பதில் வந்தால் வேலையைக் கொடுக்கலாம். கடைசிக் கேள்வி ஏனென்றால், கோட் மாறாத ரிமோட்டின் சிக்னலைப் பதிவுசெய்து திருடனால் திரும்ப அனுப்பிவிட முடியும்.

வேலை முடிந்ததும் மேனுவலையும், எந்த வயர் எங்கே இணைக்கப்பட்டது என்ற குறிப்பையும் கேட்டு வாங்குங்கள். டேஷ்போர்டு மூடுவதற்கு முன் ஜாயின்ட்களை போனில் நான்கு போட்டோ எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது. நாளைக்கு வேறு ஊரில், வேறு எலக்ட்ரீஷியன் முன்னால் கார் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும்போது, அவர் முதலில் கேட்பது அதைத்தான்.